நடக்குறப்ப போய் நில்லுங்க

கும்பகோணத்துல பாதி பேரு தாராசுரம் போறதே வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தாத்தான். கல்யாணத்துக்கு வந்த பெங்களூர் சித்தப்பா குடும்பத்த ஒரு வேன்ல ஏத்தி, காலைல சுவாமிமலை, அப்படியே தாராசுரம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் தஞ்சாவூர் பெரிய கோயில்னு ஒரே சுத்து, அதோட அடுத்த மாமாங்கம் வரைக்கும் கலைக் கணக்கு முடிஞ்சுது. உள்ளூர் மாடு வெல போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க. டிசம்பர் ஆனா சென்னைக்கு பஸ் ஏறி சபா சபாவா அலையற ஆளுங்க எங்க தெருவுலயே இருக்காங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அவங்க வீட்டுலேர்ந்து பொடிநடையா போற தூரத்துல சாமி புறப்பாட்டுக்கு ஒரு நாயனக்காரர் நடுத்தெருவுல நின்னு அரை மணி நேரம் தோடி வாசிச்சா அது அவங்களுக்கு டிராஃபிக் ஜாம்.

நான் ஒரு உரக்கடைல கணக்கு எழுதுறேன், ஞாயித்துக்கிழமை லீவு, சாயங்காலம் ஆறரைக்கு மேல ஃப்ரீ, ஸ்கூல் போற பையன் ஒருத்தன் இருக்கான். இந்த நேரத்துக்குள்ள சுத்தி சுத்தி பாத்ததுல எனக்கு ஒரே ஒரு கொள்கைதான் தேறிச்சு. செஞ்சு முடிச்சு கண்ணாடிக்குள்ள வெச்சத பாக்கறது அப்புறம், செய்யறப்ப போகணும், வாசிக்கிறப்ப போகணும், அடிக்கிறப்ப போய் நிக்கணும். ஏன்னா நடக்குற எடத்துல போய் நின்னீங்கன்னா உங்கள யாரும் சும்மா நிக்க விட மாட்டாங்க, "அந்த முனைய கொஞ்சம் புடிங்கம்மா", "அந்த வெளக்க இப்படி காட்டு தம்பி"ன்னு ஏதாவது ஒண்ணு வரும், கல்யாண வீட்டுல சும்மா நிக்கிறவன் கையில சாம்பார் வாளிய குடுக்குற மாதிரி. வாளி கைக்கு வந்துட்டா அப்புறம் நீங்க வேடிக்க பாக்க வந்தவங்க இல்ல.

சுவாமிமலை எல்லாருக்கும் தெரிஞ்ச ஊரு, ஆனா முன்பக்கம் மட்டும்தான் தெரியும். வரிசையா ஷோரூம், உள்ள ஏசி, நடராஜர் லைட்டு வெளிச்சத்துல நிக்கிறாரு, விலைய கேட்டுட்டு நாம நைசா வெளிய வந்துடுவோம். அதுக்கு பின்னாடி, இல்லன்னா ரெண்டு தெரு தள்ளி, பட்டறை. அங்க ஏசியும் கெடையாது போர்டும் கெடையாது, தேன்மெழுகும் குங்கிலியமும் கடலெண்ணெயும் சேந்து உருகுற ஒரு வாசனை வரும், அத வெச்சே எடத்த கண்டுபுடிச்சிடலாம். நான் முதல்ல போன பட்டறைல ஒரு பெரியவர் நிமிராமலே "வாங்கறதுக்கா, பாக்கறதுக்கா"ன்னாரு. "பாக்கத்தான் ஐயா"ன்னேன். "அப்ப செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்கம்மா, மெழுகுல மண்ணு ஒட்டுனா எனக்கு ரெண்டு நாள் வேல"ன்னாரு, அவ்ளோதான், உள்ள போயாச்சு. லட்ச ரூவா சிலை வாங்க வந்தவங்களுக்கு முன்பக்கம், பாக்க வந்தவங்களுக்கு பின்பக்கம், எனக்கென்னவோ நமக்குத்தான் லாபம்னு தோணுது.

அங்க நான் ரொம்ப நேரம் பாத்தது ஒரு தென்னங்கீத்து. ஒடியோலைன்னு சொல்றாங்க. சிலை எவ்ளோ உயரமோ அவ்ளோ நீளத்துக்கு ஒரு ஓலைத் துண்டு, அத கணக்கா மடிச்சு மடிச்சு, இந்த மடிப்புலேர்ந்து இந்த மடிப்பு வரைக்கும் முகம், இதுலேர்ந்து இது வரைக்கும் கழுத்து, மார்பு, தொப்புள், முட்டின்னு அந்த ஓலைலயே மொத்த ஒடம்பும் இருக்கு. ஸ்கேலும் டேப்பும் பக்கத்துலயேதான் கெடக்கு, அவரு அத தொடல. ஒரு அம்பாள் மெழுகுல உருவாகிட்டிருந்தா, கையும் காலும் தனித்தனியா செஞ்சு, சூடு பண்ணின இரும்புக் கரண்டி மாதிரி ஒண்ண வெச்சு இழைச்சு ஒட்டுறாரு, ஒட்டுன எடமே தெரியல. வெயில் ஏறினா மெழுகு தளதளன்னு ஆயிடும்னு பக்கத்துலயே ஒரு தொட்டி தண்ணி, அம்பாள அப்பப்ப அதுல குளிக்க விடறாங்க. என் பையன் பாத்துக்கிட்டே இருந்தான், அவரு ஒரு உருண்ட மெழுக கிள்ளி அவன் கையில வெச்சாரு. இவன் யான செஞ்சான், அதாவது யானன்னு இவன் சொன்னான். அவரு வாங்கி ரெண்டு எடத்துல நகத்தால ஒரு கிள்ளு, தும்பிக்கைல ஒரு வளைவு, அவ்ளோதான், யான எழுந்து நின்னுச்சு. பையன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல.

மெழுகு முடிஞ்சதும் மண்ணு. காவிரி வண்டல்தான், அதுவும் முதல் பூச்சு ரொம்ப நைசான மண்ணு, ஏன்னா அம்பாள் வெரல்ல இருக்கிற மோதிரத்தோட கோடு கூட அந்த மண்ணுலதான் பதியணும். அதுக்கு மேல கொஞ்சம் கெட்டியா இன்னொரு பூச்சு, இன்னொரு பூச்சு, கம்பி வெச்சு கட்டி, நெழல்ல காய வெச்சு, அப்புறம் வரட்டி நெருப்புல சுட்டா மெழுகு உருகி ஓட்ட வழியா வெளிய வந்துடும், உள்ள இருக்கிற காலி எடத்துல உலோகம். ஒரு அச்சுல ஒரு சிலைதான், அச்ச ஒடச்சாத்தான் சிலைய எடுக்க முடியும், அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. சுவாமிமலை சிலைக்கு புவிசார் குறியீடு வாங்கிட்டாங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க, சரிதான், ஆனா அந்த வண்டல் கிடைக்கறதே ஆத்துல தண்ணி வந்து வடியறதப் பொறுத்துதான், அதையும் யாராவது சேத்து பேசினா தேவல.

உலோகம் ஊத்துற நாளு எதுன்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்க, நாமளேதான் கேட்டு வெச்சுக்கணும். நாள் பாத்து, சூடம் காட்டிட்டு ஆரம்பிப்பாங்க. கோயிலுக்கு செய்யற சிலைன்னா அந்த ஊர்க்காரங்க வந்து நிப்பாங்க, மூசைல உருகிட்டிருக்கிற உலோகத்துல ஒருத்தர் மூக்குத்தி, ஒருத்தர் தோடு, ஒரு பொட்டு தங்கம்னு போடுவாங்க. நான் போனப்ப ஒரு பாட்டி கழட்ட முடியாத மூக்குத்திய அங்கயே சோப்பு போட்டு கழட்டிட்டிருந்தாங்க, மூசை கொதிக்குது, எல்லாரும் பாட்டிக்காக நிக்கிறாங்க, ஒருத்தரும் "சீக்கிரம்"னு சொல்லல. ஊத்துறப்ப பச்சையா ஒரு ஜுவாலை எழும்பும், கை நிறுத்தாம ஒரே தாரையா ஊத்தணும், நடுவுல நிறுத்துனா சிலைல விட்டுப்போயிடும். அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷம் பட்டறைல யாரும் பேசறதில்ல. எனக்கு குடுத்த வேல என்னன்னா, வாசல்ல நின்னு சின்னப் புள்ளைங்க உள்ள ஓடி வராம பாத்துக்கறது. நல்லாவே பாத்துக்கிட்டேன்.

இதெல்லாம் பாத்துட்டு அப்புறம் தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்கு போனீங்கன்னா அது வேற அனுபவம். 1951ல ஆரம்பிச்சது, சோழர் செப்புத் திருமேனிங்க ஒரு பெரிய கூட்டமே இருக்கு. திருவெண்காட்டுலேர்ந்து வந்த ரிஷபவாகன தேவர்கிட்ட போய் நில்லுங்க, 1011ம் வருஷம் செஞ்சது, பெரிய கோயில் கட்டி முடிச்சதுக்கு அடுத்த வருஷம். ஜடைய தலப்பா மாதிரி சுத்திக்கிட்டு ஒரு கால மடக்கி ஒய்யாரமா நிக்கிறாரு, ஒரு கை காளை மேல சாஞ்சிருக்கு. காளைய காணோம். பூமிக்குள்ளேர்ந்து அவரும், அவருக்கு அடுத்த வருஷம் செஞ்ச அம்பாளும் கெடச்சாங்க, காளை கெடைக்கல. ஆனா அந்த கை எந்த உயரத்துல, எவ்ளோ பாரத்த போட்டு சாஞ்சிருக்குன்னு பாத்தாலே காளை எவ்ளோ பெருசு, எந்தப் பக்கம் மூஞ்சி திருப்பியிருக்கும்னு நாமளே யோசிச்சுக்கலாம். பட்டறைல அந்த ஒடியோலை மடிப்ப பாக்காம இருந்திருந்தா எனக்கு இந்த கை மேல கண்ணே போயிருக்காது. முன்னாடி போனப்பலாம் போர்டு படிச்சிட்டு அடுத்த பெட்டிக்கு போயிட்டிருந்தோம், இப்ப என் பையன் "அம்மா, இந்த வெரல தனியா செஞ்சு ஒட்டியிருப்பாங்க"ன்னு காவலாளிகிட்ட போய் சொல்லிட்டிருக்கான், அவரும் பாவம் "ஆமாப்பா ஆமாப்பா"ன்னு கேட்டுக்கிட்டிருக்காரு.

தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை இதெல்லாம் பத்தி எழுதினா பக்கம் போயிட்டே இருக்கும். ஓவியத்துக்கு மட்டும் ஒரு வார்த்த, கும்பகோணம் தஞ்சாவூர் ரெண்டு ஊர்லயும் வீட்டுலயே கிளாஸ் எடுக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க, சேருங்க, ஆனா கோடெல்லாம் ஏற்கனவே பிரிண்ட் பண்ணின பலகைய குடுத்து கல்லு ஒட்ட மட்டும் சொல்ற எடமா இருந்தா காசு வேஸ்ட். பலகைல துணி ஒட்டுறதுலேர்ந்து மக்கு வெச்சு மேடு தூக்குறது வரைக்கும் உங்க கையிலயே செய்ய விடுறாங்களான்னு முதல் நாளே கேட்டுடுங்க.

இப்ப நாயனத்துக்கு வரேன். ஆடுதுறை பக்கத்துல நரசிங்கம்பேட்டைன்னு ஊரு, நாகஸ்வரம் செய்யற ஊரு, 2022ல அந்த நாகஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கெடச்சுது. ஆச்சா மரத்துல கடைஞ்சு செய்யறது. பச்ச மரம் ஆகாது, வருஷக்கணக்கா காஞ்சு எறுகின மரம் வேணும், அதனால பழைய வீட்ட இடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டா உத்தரம் தூணுக்கு ஆளு போயிடும். யாரோ ஒருத்தர் வீட்டு கூடத்துல அறுவது எழுவது வருஷம் கூரைய தாங்கிட்டு நின்ன மரம், அதுலதான் ஏழு ஓட்ட போட்டு கல்யாணி வாசிக்கிறாங்க. எங்க தாத்தா வீட்ட இடிச்சப்ப உத்தரம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல, வெறகுக்கு போயிருந்தா வயித்தெரிச்சல்.

நாகஸ்வரத்த ஏசி ஹால்ல மைக் வெச்சு கேக்கறதுல எனக்கு இஷ்டமே இல்ல. அது வெட்டவெளிக்கு செஞ்ச வாத்தியம். சாமி புறப்படுறப்ப மல்லாரி வாசிப்பாங்க, கம்பீரநாட்டைல, அதுக்கு பாட்டு வரி எதுவும் கெடையாது, வெறும் ஜதிக்கட்டுதான், தவிலும் நாயனமும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டும். கோபுர வாசல் தாண்டி சாமி வெளிய வர்ற அந்த நேரத்துல தவில்காரருக்கு பக்கத்துல ஒரு அஞ்சடி தள்ளி நின்னு பாருங்க, நெஞ்சுக்கூடு அதிரும். வலது கையில வெரலுக்கு வெரல் கூடு மாட்டியிருப்பாங்க, இடது கையில பூவரசங்குச்சி. விடாம ஒரே சுருதிய புடிச்சிட்டிருக்கிற ஒத்துக் குழல ஊதறவர் கன்னத்த பாருங்க, மூச்சு விடறாரா இல்லையான்னே தெரியாது. கிழக்கு வீதிலேர்ந்து நெலைக்கு வர்ற வரைக்கும் கூடவே நடங்க. ரெண்டாவது வீதி திரும்பறப்ப கூட்டம் கொறஞ்சிடும், அப்பத்தான் அவங்க நிஜமா வாசிக்க ஆரம்பிப்பாங்க, ஏன்னா அப்ப கூட வர்றவங்க கேக்கறதுக்குன்னே வர்றவங்கன்னு அவங்களுக்கு தெரியும். ஒரு தடவ நான் தொடைல தாளம் போட்டுக்கிட்டே நடக்கறத பாத்துட்டு தாளக்காரப் பையன் டீ குடிச்சிட்டு வரேன்னு ஜால்ராவ என் கையில குடுத்துட்டு போயிட்டான், வித்வான் திரும்பி ஒரு பார்வ, ஒண்ணும் சொல்லல, ஆதி தாளம்தான், சமாளிச்சாச்சு.

இத எழுதறப்பவே கோவமும் வருது. எத்தனையோ கோயில்ல இப்ப கரண்ட்ல ஓடுற மேளம் வெச்சிருக்காங்க, மணியும் முரசும் சேந்து ஒரு பொட்டிக்குள்ள, சுவிட்ச் போட்டா தடதடன்னு அடிக்கும், தீபாராதன முடிஞ்சா நிறுத்திடுவாங்க. உபயதாரர் பேரு அதுமேல பெருசா எழுதியிருக்கும். அந்த காசுக்கு ரெண்டு பேருக்கு எத்தன மாசம் சம்பளம் குடுத்திருக்கலாம்னு உபயதாரர யாரும் கேக்கறதில்ல. நீங்க கேளுங்க, அடுத்த தடவ உங்க வீட்டு கல்யாணத்துல செண்டை மேளமும் டிஜேவும் புக் பண்றதுக்கு முன்னாடி உங்க ஊர் நாயனக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கான்னும் ஒரு தடவ பாருங்க.

திருவையாறு தியாகராஜர் ஆராதனைல பெரிய வித்வான்களுக்குத்தான் எடம்னு நெறைய பேரு நெனச்சுக்கிட்டு டிவில பாக்கறாங்க. டிக்கெட்டே கெடையாது. தை மாசம் வாக்குல, புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்கு காலைல, காவிரிக்கரைல பந்தல் போட்டு, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துல அஞ்சு கீர்த்தனையும் எல்லாரும் ஒண்ணா பாடுவாங்க, முன்னாடி வித்வான்கள், பின்னாடி நாம. என் பக்கத்துல உக்காந்திருந்த மாமி போன்ல சாகித்தியத்த வெச்சுக்கிட்டு பாடுனாங்க, கண்ணாடி இல்லாம தெரியலன்னு பாதில அந்த ஃபோன என்கிட்ட குடுத்து "நீ சொல்லிண்டே வா, நான் பாடறேன்"னாங்க. எனக்கு தெலுங்கும் தெரியாது, ஸ்ரீராகமும் தெரியாது, எழுத்துக்கூட்டி சொல்ல ஆரம்பிச்சவ ஆரபி சரணம் வர்றப்ப கூடவே பாடிட்டிருந்தேன். சுருதி எங்க போச்சோ, அத்தன பேர் குரல்ல எல்லாம் கரைஞ்சு போயிடும்.

ஆனா அங்க போறப்ப தியாகராஜர் சமாதிக்கு நேரெதிர்ல இருக்கிற பெங்களூர் நாகரத்னம்மா சமாதியையும் பாத்துட்டு வாங்க. 1920கள்ல அந்த எடம் கேப்பாரில்லாம கெடந்தப்ப தன் சொத்த வித்து நெலம் வாங்கி சன்னதி கட்டுனவங்க அவங்க. கட்டுனவங்களையே அங்க பாட விடல, பொம்பளைங்க, அதுவும் தேவரடியார் மரபுல வந்தவங்க பாடக்கூடாதுன்னாங்க. பெரிய கட்சி சின்ன கட்சின்னு ஆம்பளைங்க ரெண்டா பிரிஞ்சு ஆராதனை நடத்திட்டிருந்தாங்க, இவங்க மூணாவதா பொம்பளைங்கள சேத்துக்கிட்டு தனியா நடத்துனாங்க. 1940ல தான் மூணும் ஒண்ணாச்சு. இன்னிக்கு நானும் அந்த மாமியும் ஆம்பளைங்களோட சரிசமமா பந்தல்ல உக்காந்து தப்பும் தவறுமா பாடறோம்னா அதுக்கு பின்னாடி இவ்ளோ சண்டை இருக்கு, அதனால தொண்டை சரியில்லன்னு கூச்சப்பட்டு வாய மூடிட்டு உக்காராதீங்க.

இதே கூச்சம் தப்பாட்டத்துல வேற மாதிரி வரும். அது கூச்சம்னு கூட சொல்ல முடியாது. தஞ்சாவூர் ஜில்லாவுல தப்புங்கிற பறை இல்லாத திருவிழா இல்ல, சாவும் இல்ல, ஆனா அத யாரு அடிக்கலாம், யாரு வீட்டுக்குள்ள வெக்கலாம்னு ஊருக்கு ஊரு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துட்டே இருக்கு. எங்க ஏரியாவுக்கு வெளில ஒரு ஸ்கூல் மைதானத்துல சாயங்காலம் ஒரு தம்பி பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறாருன்னு கேள்விப்பட்டு பையன கூட்டிட்டு போனேன். போனா ஏழெட்டு பொண்ணுங்களும் அடிக்கிறாங்க, காலேஜ் படிக்கிற பொண்ணுங்க, ரெண்டு டீச்சருங்க. மாஸ்டர் என்னப் பாத்து "அக்கா நீங்களும் வாங்க, ஒக்காந்து பாத்தா ஒண்ணும் வராது"ன்னாரு. மாட்டிக்கிட்டாச்சு.

முதல் வேல நெருப்பு. வைக்கோல அள்ளிப்போட்டு கொளுத்தி தப்ப சுத்தி வெச்சு காட்டணும், தோலு சூடேறி விறைச்சாத்தான் நாதம். மழைக்காலத்துல இது பெரிய பாடு, அரை மணிக்கு ஒரு தடவ காய்ச்சணும். எவ்ளோ தூரத்துல காட்டணும்னு கண்ணு பாக்கும், காது சொல்லும், நடுவுல நடுவுல மாஸ்டர் வெரலால சுண்டி பாப்பாரு, தொப்புன்னு கேட்டா பத்தல, ணங்குனு கேட்டா போதும், அதுக்கு மேல போனா தோல் வெடிச்சிடும். சட்டம் வேப்பமரம், மூணு துண்டா வளைச்சு பட்டைத் தகடு வெச்சு சேத்திருக்கும், தோல ஒட்டறதுக்கு புளியங்கொட்டைய அரைச்சு காய்ச்சின பசை. ஃபெவிகால் போட்டு ஒட்டி பாத்திருக்காங்களாம், நெருப்புல காட்டுனதும் பல்ல இளிச்சிடுச்சாம். இடது தோள்ல மாட்டி, இடது கையில மேல் விளிம்போட சேத்து நீளமா மெலிசா மூங்கில் குச்சி, அது சுண்டுக்குச்சி, வலது கையில கட்டையா அடிக்குச்சி. ரெண்டு குச்சியும் வேற வேற கணக்குல போகணும், அதுக்கு நடுவுல காலும் போகணும், சிரிச்ச முகமா வேற இருக்கணும்.

"அக்கா கைய பாக்காதீங்க, வாயால சொல்லுங்க, வாய் சொன்னா கை வரும்"னு சொல்லி ஜண்டக்கு ஜண்டக்குன்னு ஆரம்பிச்சாரு. பையனுக்கு உடனே வந்துடுச்சு. எனக்கு சமையல் பண்றப்ப, கணக்கு எழுதறப்ப, பஸ்ல போறப்பன்னு வாய் சொல்லிக்கிட்டே இருந்து, கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் கை திடீர்னு பேச்சு கேக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் பொங்கலுக்கு அவங்க தெருவுல அடிச்சப்ப கடைசி வரிசைல நானும் நின்னேன். நாலு மூலையும் அதிர்ற அந்த சத்தத்துக்குள்ள நிக்கறதும் வெளில நின்னு கேக்கறதும் ஒண்ணே இல்ல. உள்ள நின்னா அது சத்தமாவே தெரியாது, யாரோ முதுகுல கை வெச்சு தள்ளிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும்.

வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் சொல்லிடறேன். அத்தை, அதாவது மாமியார், "சாவுக்கு அடிக்கிறத வீட்டுக்குள்ள கொண்டு வராத"ன்னாங்க. நான் சொன்னேன், அத்தை, மிருதங்கமும் மாட்டுத்தோல்தான், தவிலும் தோல்தான், அதெல்லாம் பூஜை ரூம்ல வெக்கறாங்களேன்னு. "அது வேற"ன்னாங்க. என்ன வேறன்னா, அடிக்கிற ஆளு வேற. அவ்ளோதான் விஷயம், அத சுத்தி வளைச்சு பேசறதுல அர்த்தம் இல்ல. மேடைல கலெக்டர் முன்னாடி அடிச்சா கைதட்டுறோம், அதே ஆளு பந்தில பக்கத்துல உக்காந்தா நெளியறோம். அத்தை இன்னும் எறங்கி வரல, நானும் எறங்கல, தப்பு மாஸ்டர் வீட்டுலதான் இருக்கு, பையன் மட்டும் டிபன் பாக்ஸ் மூடில ஜண்டக்கு ஜண்டக்குன்னு அத்தை காதுல விழற மாதிரியே அடிச்சுக்கிட்டு திரியறான்.

சத்தமே வேண்டாம், கூட்டம் ஒத்துக்காதுன்னு சொல்றவங்களுக்கு தாராசுரம். கும்பகோணத்துலேர்ந்து டவுன் பஸ், லேடீஸுக்கு ஃப்ரீ, கோயிலுக்கும் டிக்கெட் இல்ல, ஒரு நோட்டும் பென்சிலும்தான் செலவு. இரண்டாம் ராஜராஜன் கட்டுனது, 12ம் நூற்றாண்டு, 2004லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. தட்டினா சத்தம் வர்ற கல் படிக்கட்ட கம்பி வேலி போட்டு மூடிட்டாங்க, அதப்பத்தி பொலம்பிட்டு திரும்பிடாதீங்க. கும்பகோணத்துல கவின் கலைக் கல்லூரி இருக்கறதால அந்த பசங்க அட்டையும் கையுமா வந்து அங்கங்க தூணுக்கடியில உக்காந்து வரைவாங்க. அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. ரிஷபகுஞ்சரம்னு ஒரு சின்ன சிற்பம், யானைக்கும் காளைக்கும் சேத்து ஒரே தலை. இடது பக்கத்த மூடினா ஒண்ணு, வலது பக்கத்த மூடினா இன்னொண்ணு. கைடு அத அரை நிமிஷத்துல காட்டிட்டு போயிடுவாரு. நீங்க வரைய உக்காந்தாத்தான் தெரியும், எந்த கோடு யானையோடது, அதே கோடு எப்படி காளையோடதாகுதுன்னு. வரைய தெரியாதேன்னு சொல்லாதீங்க, யாருகிட்டயும் காட்டப்போறதில்ல. நான் வரைஞ்ச காளை பன்னி மாதிரி இருந்துச்சு, பக்கத்துல இருந்த காலேஜ் பையன் "அக்கா கண்ண கொஞ்சம் மேல ஏத்துங்க"ன்னான், ஏத்தினேன், கொஞ்சம் மாடாச்சு.

எப்ப எங்க என்ன நடக்குதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னு கேப்பீங்க. ஆன்லைன்ல தேடினா போன வருஷ வீடியோ வரும். கோயில் வாசல் ஃபிளெக்ஸ், டீக்கடை செவுத்துல ஒட்டுற நோட்டீஸ், அப்புறம் நாயனக்காரங்க தப்புக்காரங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இந்த மூணுதான். ஒரு தடவ பேசி நம்பர் வாங்கி வெச்சுட்டீங்கன்னா அப்புறம் அவங்களே சொல்லுவாங்க. தஞ்சாவூர்ல பச்சைக்காளி பவளக்காளி தெருவுல ஆடி வர்ற நாளெல்லாம் அப்படித்தான் எனக்கு தெரிஞ்சது.

அடுத்து நான் போகப்போறது மெலட்டூர். நரசிம்ம ஜெயந்திய ஒட்டி, மே மாசம் வாக்குல வரும், பாகவத மேளா. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதின தெலுங்கு நாடகங்கள், எல்லா வேஷமும் ஆம்பளைங்கதான், அந்த ஊர் குடும்பங்கள்லேர்ந்துதான், பேங்க்ல ஐடில வேல பாக்கறவங்க லீவு போட்டுட்டு வந்து புடவை கட்டி பிரகலாதனோட அம்மா லீலாவதியா ஆடுவாங்க. முதல்ல கோமாளி வேஷத்துல கோணங்கி வருவாரு, அப்புறம் சின்னப் பையன் ஒருத்தன் பிள்ளையார் முகமூடி போட்டுக்கிட்டு வருவான், பிரகலாத சரித்திரத்துல நரசிம்மர் வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். நரசிம்மர் முகமூடிக்கு பூஜை உண்டு, போட்டுக்கறவர் விரதம் இருப்பாரு, அந்த ஆவேசத்துல அவர பின்னாடிலேர்ந்து நாலு பேர் புடிச்சுப்பாங்க. தெலுங்கு புரியாதேன்னு தயங்காதீங்க, பக்கத்துல யாராவது கத சொல்லிக்கிட்டே வருவாங்க, சொல்லாம இருக்க அவங்களால முடியாது. ராத்திரி திரும்ப பஸ் கெடையாது, அதனால விடியற வரைக்கும் இருக்கறதுன்னு முடிவோடயே போங்க. பாய் ஒண்ணு, போர்வை ஒண்ணு, கொசுவத்தி, முக்கியமா ஃபிளாஸ்க்ல காபி. கொஞ்சம் சேத்தே போட்டு எடுத்துட்டு போங்க, கத சொல்ற பாட்டிக்கும் வேணும்ல.